கான்டூர் டிராயிங்: கண் நகர்ந்தால்தான் பென்சில் நகர வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டே வரையும் கான்டூர் பயிற்சியைக் கொஞ்ச நாளாகச் செய்தும் கிறுக்கல்தான் மிஞ்சுகிறது. எங்கே தப்பு நடக்கிறது? எப்படிச் செய்ய வேண்டும்? இதை வைத்து ஓவியமாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை இது வெறும் கைப்பழக்கம்தானா?

தாளைப் பார்க்காமல் வரைந்தால் விரல்கள் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம் என்று சிதறித்தான் விழும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது கோட்டை. அதன் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் பொருளிலிருந்து எடுத்த ஒரு திருப்பமோ மேடோ பள்ளமோ இருந்தால் அது நல்ல கிறுக்கல். வழவழவென்று நீண்ட வளைவாக ஓடியிருந்தால், கண் எப்போதோ தாவிப் போய்விட்டது, கை தனக்குத் தெரிந்ததை வரைந்து முடித்துவிட்டது என்று பொருள். இந்தப் பயிற்சியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன: கண் முந்திவிடுகிறது, பென்சில் பின்னால் ஓடுகிறது.

எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இடது கையை விரித்து வைத்து, அசல் அளவிலேயே வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 15 செ.மீ. வரும். ஐந்து விரலுக்கு 75. உள்ளங்கையின் ஓரங்களையும் மணிக்கட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கோடு. நொடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் போனால் 500 நொடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நகம், மூட்டுச் சுருக்கம், ரேகை எதுவும் இதில் சேரவில்லை. கையை இரண்டே நிமிடத்தில் முடித்தவர் நொடிக்கு 8 மில்லிமீட்டர் ஓடியிருக்கிறார். அந்த வேகத்தில் மூட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன உடைவு எதுவும் பிடிபடாது. உங்கள் பழைய தாள்களில் எத்தனை நிமிடம் எடுத்தது என்று நினைவிருந்தால் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெதுவாகப் போவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? நகரும் ஒரு பொருளைத் தொடரும்போதுதான் கண் சீராக ஓடும். அசையாத விளிம்பின் மேல் அதை ஓட்டச் சொன்னால் சின்னச் சின்னத் தாவல்களாகத்தான் போகும். அதோடு, கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை முழுதாக நீட்டினால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ ஏறக்குறைய அவ்வளவுதான். அரை மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். மீதியெல்லாம் மூளை நிரப்பிக்கொள்வது. ஆகவே தாவலை ஒழிக்க முடியாது, அதைச் சிறியதாக்கலாம். விளிம்பில் ஒரு சுருக்கத்திலிருந்து அடுத்த மேடு வரை, அங்கிருந்து அடுத்த நிழல் புள்ளி வரை என்று கண்ணுக்கு நெருக்கமான நிறுத்தங்களைக் கொடுங்கள்.

இதைப் பாடமுறையாக்கிப் பரப்பியதில் கிமோன் நிக்கோலைடிஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் கற்பித்தவர். 1938இல் இறந்தார், அவருடைய பாடங்கள் 1941இல் நூலாக வந்தன. பென்சில் முனை பொருளையே தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அந்த நினைப்பு உறுதியாகும்வரை கோட்டைத் தொடங்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. கேட்பதற்கு ஏதோ தியானம் மாதிரி இருக்கும். நடைமுறையில் இது செய்வது ஒன்றே: தொடங்குவதற்கு முன் கண்ணை ஒரே புள்ளியில் சில நொடி கட்டிப்போடுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கண் மெதுவாகக் கிளம்பும்.

பொருட்கள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சாதாரண 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாள் போதும். ஏ4ஐவிட ஏ3 நல்லது, கோடு வெளியே ஓடாது. 2பி பென்சில், அல்லது 0.5 மி.மீ. ஜெல் பேனா. ரப்பர் மேசையிலேயே இருக்கக் கூடாது. தாளின் நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டுங்கள். பார்க்காமல் வரையும்போது தாள் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் தெரியாது, பிறகு கோடு ஏன் விலகியது என்று குழம்ப வேண்டியிருக்கும். கண் தானாகத் தாளுக்குப் போய்விடுகிறது என்றால் 15 செ.மீ. சதுர அட்டை ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, பென்சிலை அதில் செருகிப் பிடியுங்கள். அட்டைக்குக் கீழே கை, கைக்குக் கீழே தாள். எட்டிப் பார்க்க நினைத்தாலும் அட்டைதான் தெரியும்.

எதை வரைவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். கண்ணாடி டம்ளர், பந்து, பாட்டில் போன்றவை எளிது என்று நினைத்துத் தொடங்குவார்கள். கான்டூருக்கு அவைதான் மோசமான தேர்வு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் சின்ன விலகலும் பெரிய தப்பாகத் தெரியும். விளிம்பில் தகவலே இல்லாததால் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. போதாததற்கு அவற்றின் வடிவம் மூளைக்கு மனப்பாடம். கசங்கிய காகிதப் பை, காய்ந்து சுருண்ட இலை, கயிறு அவிழ்ந்த ஷூ, குறுக்கே வெட்டிய குடைமிளகாய், உங்கள் கை, இவைதான் சரி. கசங்கிய காகிதம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு அமர்வை இப்படி அமைக்கலாம். பொருளை அரை மீட்டர் தூரத்தில், ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். பல திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் உள் மடிப்புகள் மங்கிவிடும். உடம்பைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்தால் தாள் பார்வைக்கு வெளியே போய்விடும். எட்டு நிமிடத்துக்கு அலாரம். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் முனையை வைத்து, பொருளில் ஒரு புள்ளியைப் பிடித்து, கிளம்புங்கள். கண் நின்றால் பென்சிலும் நிற்க வேண்டும். ஒரு விளிம்பு முடிந்து வேறோர் இடத்தில் தொடங்க வேண்டுமென்றால், அப்போது மட்டும் தாளைப் பார்த்து இடம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நிக்கோலைடிஸ் முறையிலும் இதற்கு அனுமதி உண்டு. அதுவும் வேண்டாமென்றால், வரையாத கையின் ஆள்காட்டி விரலைத் தொடங்கிய புள்ளியில் ஊன்றி வைத்துக்கொள்ளுங்கள், தடவியே திரும்பி வந்துவிடலாம். எட்டு நிமிடம் முடிவதற்குள் விளிம்பு முடிந்துவிட்டால் வேகம் அதிகம். பாதிகூட முடியவில்லை என்றால் கவலை இல்லை, அலாரம் அடித்ததும் நிறுத்திவிடலாம். பாதிக் கை வரைந்த தாள்தான் பல நேரம் முழுக் கையைவிட நன்றாக இருக்கும்.

இனி, இந்தப் பயிற்சியின் உயிரான பகுதி. வெளிக்கோட்டை மட்டும் சுற்றி வந்தால் கிடைப்பது நிழலுருவம்; கையைத் தாளில் வைத்து ஓரமாகப் பென்சிலை ஓட்டினால் வருவதும் அதுதான். கான்டூர் உள்ளே போக வேண்டும். ஆள்காட்டி விரலைப் பாதி மடக்கி, பக்கவாட்டில் பாருங்கள். நுனியிலிருந்து உள்பக்க விளிம்பைப் பிடித்து இறங்கினால், மடியும் இடத்தில் அந்தக் கோடு அடுத்த கணுவின் (இரண்டு மூட்டுக்கு நடுவே இருக்கும் விரல் பகுதி) விளிம்போடு சேர்ந்து ஒரே வளைவாகப் போவதில்லை. சதை பிதுங்கி, முன்னால் இருக்கும் கணுவின் விளிம்பு விரலுக்கு உள்ளே கால் அங்குலம் புகுந்து, சுருக்கமாகத் தேய்ந்து காணாமல் போகிறது. பின்னால் இருக்கும் கணுவின் விளிம்பு அதற்கு அடியிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஆங்கில டி எழுத்தைச் சாய்த்துப் போட்டது மாதிரி இருக்கும். டி-யின் குறுக்குக்கோடு முன்னால் இருப்பது, முட்டி நிற்கும் கோடு பின்னால் இருப்பது. ஷேடிங் (நிழல் தீட்டுவது) ஒரு துளி இல்லாமலே எது முன், எது பின் என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடும் இடம் இதுவே.

தொடக்க நிலைக்காரர்கள் இந்தச் சந்திப்பில்தான் கோட்டை வழித்துவிடுகிறார்கள். இரண்டு கணுவையும் ஒரே வளைவில் சேர்த்தால் விரல் ரப்பர் குழாயாகிவிடும். விளிம்பு உள்ளே திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் கோட்டோடு உள்ளே போங்கள். அது தேயும் இடத்தில் பென்சிலின் அழுத்தத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். பிறகு வந்த வழியில் திரும்பி, மறைந்திருந்த விளிம்பு வெளிப்படும் இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு கையில் இப்படிப்பட்ட சந்திப்பு பதினைந்து இருபது சுலபமாகக் கிடைக்கும். வரைந்து முடித்ததும் உங்கள் தாளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் அவுட்லைன்தான் வரைந்திருக்கிறீர்கள்.

வரையும்போது தலையை அசைக்காதீர்கள். அதற்கும் காரணம் உண்டு. விளிம்பு என்பது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் கோடு கிடையாது. வளைந்த பரப்பு உங்கள் பார்வையிலிருந்து மறையத் தொடங்கும் இடம் அது. தலை நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தால் விரலின் விளிம்பு வேறு தோலில் விழும். கிட்டத்தில் இருக்கும் பொருளுக்கு இரண்டு கண்ணுக்கும் இரண்டு விளிம்பு தெரிவதும் இதனால்தான். கண்களுக்கிடையே ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் தூரம் இருக்கிறதே. 30 செ.மீ. தூரத்தில் கையை வைத்து வரைந்தால் இந்தக் குழப்பம் நன்றாகவே தெரியும். ஒன்று, பொருளைத் தள்ளி வையுங்கள். அல்லது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கடைசிவரை அதே கண்ணை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் விளிம்புகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்துவிட்டதால் பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும்.

பத்துப் பதினைந்து அமர்வுக்குப் பிறகு முழுக்கப் பார்க்காமல் வரைவதில் கிடைக்கும் பலன் குறைந்துவிடும். அதைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடக் கைப்பதத்துக்கு வைத்துக்கொண்டு, அளவும் விகிதமும் சேரும் அடுத்த வகைக்குப் போகலாம். இதில் தாளைப் பார்க்கலாம், ஆனால் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும். விதி ஒன்றுதான்: கண் தாளில் இருக்கும்போது பென்சில் நகரக் கூடாது. முனையைத் தாளிலேயே அழுத்தாமல் நிறுத்தி, பார்த்து, தூரத்தை ஒப்பிட்டு, மீண்டும் பொருளுக்குக் கண்ணைத் திருப்பிய பிறகே கோட்டைத் தொடர வேண்டும். இந்த விதியை மீறினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கோட்டு முனைகள் கச்சிதமாக வந்து சேரும் இடம், நகம் திடீரென்று அழகான பாதாம் வடிவம் எடுக்கும் இடம், துடிப்பாக வந்த கோடு சட்டென்று நேராகும் இடம் எல்லாம் தாளைப் பார்த்து வரைந்த இடங்கள்.

இந்த நிலையில் விகிதத்துக்குப் பொருளுக்கு வெளியே இருக்கும் வெற்றிடங்கள் பெரிய உதவி. விரல்களுக்கு நடுவே, நாற்காலிக் கால்களுக்கு நடுவே, கோப்பைக்கும் அதன் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் வடிவத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததை மனப்பாடத்திலிருந்து வரைய முடியாது. ஒரு விரல் பருத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் விரலை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் இடைவெளியின் வடிவத்தைச் சரிபாருங்கள்.

மூன்றாவது வகை, பரப்பின் குறுக்கே ஓடும் கோடுகள். விரலைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரப்பர் பேண்ட் மாட்டி அவற்றை மட்டும் வரைந்து பாருங்கள், அவுட்லைன் போடாமலே விரல் உருண்டு நிற்கும். வளையம் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். நேரான உருளைக்கு விதி சுலபம்: கண்ணுக்குத் தெரியும் வளைவின் வயிறு தூரத்து முனையை நோக்கித் தள்ளும். விரல் நுனி உங்களை நோக்கி இருந்தால் வளைவு மணிக்கட்டுப் பக்கம் தொங்கும். நுனி அந்தப் பக்கம் இருந்தால் நுனியை நோக்கி வளையும். விரல் உங்களை நோக்கித் திரும்பத் திரும்ப வளைவு பருமனாகும். ஓரத்தில் வளையம் விளிம்பை முட்டி நிற்கக் கூடாது. விளிம்போடு ஒட்டித் திரும்பிப் பின்னால் போவது மாதிரி முடிய வேண்டும். அந்த முடிவைக் கோணமாகப் போட்டால் உருளை தட்டையான பட்டையாகிவிடும்.

வழக்கமான கோளாறுகளில் மீதி இரண்டைச் சொல்லிவிடலாம். திருப்பங்களின் முனைகள் எல்லாம் மழுங்கி வட்டமாக வந்தால், முனைக்கு வருவதற்கு முன்பே கண் அடுத்த பக்கம் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி நின்று திரும்புங்கள். கோடு ஒன்றாக இல்லாமல் மயிர்மயிராக நாலைந்து சேர்ந்து வந்தால், பென்சிலை முனைக்கு மிக அருகில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் வரைகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு அங்குலம் மேலே பிடித்து, முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். பேனாவுக்கு மாறினாலும் இந்தப் பழக்கம் சீக்கிரம் விடும், ஏனென்றால் தப்பான கோட்டின் மேல் இன்னொன்று போட்டால் இரண்டுமே தெரியும்.

ஓவியமாக இதை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருவோம். நிறையச் செய்யலாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் தன் பிற்காலத்தில் மாடலிடமிருந்து கண்ணை எடுக்காமல் வரைந்த கோட்டோவியங்களும், அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி ஷேடிங் எதுவுமின்றிக் கோட்டால் மட்டும் வரைந்த செடிகளும் தனிப் படைப்புகளாகவே மதிக்கப்படுகின்றன. கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைவது தொடங்குவதற்கு நல்ல விளையாட்டு. ஒரு விளிம்பிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டிய வழியை நிழலின் ஓரத்திலோ சட்டை மடிப்பிலோ தேட வேண்டியிருப்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் தானாக வந்து சேரும். இன்னொன்று, ஒரே தாளில் கையின் மூன்று நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்காமல் வரைந்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் கட்டங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று வண்ணம் கொடுப்பது. வாட்டர்கலர் போடுவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் தாளும் நீரில் கரையாத மையும் வேண்டும். ஜெல் பேனா மை பெரும்பாலும் பரவிவிடும், மூலையில் ஒரு கோடு போட்டு ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1920களில் கம்பியை வளைத்து முகங்களையும் உருவங்களையும் செய்தார். கோடு தாளை விட்டு வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவை நல்ல உதாரணம். கையால் வளைக்க 1 மி.மீ. அலுமினியக் கம்பி போதும். கைக்கு ஒரு மீட்டர் கோடு என்று மேலே கணக்குப் போட்டோமே, கம்பிக்கு ஒன்றரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் பென்சிலைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம், கம்பியில் போன வழியே திரும்பி வர வேண்டும். டி சந்திப்புகளை இதில் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும், முன்னால் இருக்கும் கம்பி உண்மையிலேயே முன்னால் இருக்கும்.

கோட்டின் கனத்தை மாற்றுவது பற்றி அவசரப்பட வேண்டாம். முதல் ஒரு மாதம் ஒரே கனத்தில் போடுங்கள். அதன்பின், ஒரு பொருள் மற்றொன்றின் மேல் அமரும் இடத்தையும் டி சந்திப்புகளின் முன்கோட்டையும் மட்டும் அழுத்தினால் போதும். வெளிச்சம் விழும் விளிம்பை மெல்லியதாக்கலாம், சில இடங்களில் விட்டுவிடவும் செய்யலாம். வெளிக்கோடு முழுவதையும் தடிப்பாகச் சுற்றிவிட்டால் உள்ளே செய்த வேலை எல்லாம் அமுங்கிப்போகும்.

டேப்லெட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம், இரண்டு அமைப்பை மாற்றிக்கொண்டு. கோட்டைத் தானாக வழவழப்பாக்கும் ஸ்டெபிலைசரைப் பூஜ்யத்தில் வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் நொடிக்கு இரண்டு மில்லிமீட்டரில் தேடிப் பிடித்த சிறு திருப்பங்களை அது நேராக்கிவிடும். திரையில் விரல் பட்டால் படம் நகர்வதையும் அணைத்துவிடுங்கள். அன்டூ பொத்தானைத் தொடக் கூடாது. தாளோ திரையோ, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் எடுத்த நிமிடங்களைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து வேகத்தையும் டி சந்திப்புகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும்.